இலவசத் தட்டில் கத்தரிக்காய்

அம்பாரோ கூட்டத்தை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் பாய்ந்தாள். கையில் கத்தரிக்காய் வறுவல் தட்டு. அவள் கணவன் எலாடியோ, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று கெஞ்சியபடி அவள் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். உதறினாள்.

திங்கட்கிழமை அவர்களுடைய மதுக்கடைக்கு விடுமுறை. வாரமெல்லாம் ஊருக்கு ஊற்றிக் கொடுத்தவர்கள், அன்று மாலை மட்டும் ஜோடியாகப் போய் வேறொருவன் கடையில் குடிப்பார்கள். ஆற்றங்கரைப் பக்கம் போகலாம் என்றான் எலாடியோ. இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஃபெர்மின் கடைக்குத்தான் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

கடை பிதுங்கி வழிந்தது. ஸ்பெயினின் இந்தக் கிரனாடா ஊரில் பீர் வாங்கினால் தீனி இலவசம். எது வரும் என்பது கடைக்காரன் இஷ்டம். முதல் கோப்பைக்கு உருளைக்கிழங்கு வந்தது. இரண்டாவதுக்கு இந்தக் கத்தரிக்காய். ஒரு கடி கடித்ததும் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

மேலே கரும்புப் பாகு, உள்ளே வெண்ணெய் மாதிரிக் குழைவு, கடைசியில் நாக்கோரத்தில் ஒரு மெல்லிய கசப்பு. ஊரில் எல்லோரும் கத்தரிக்காயைப் பாலில் ஊறவைப்பார்கள். ஆலிவ் காய் ஊறிய உப்புத் தண்ணீரில் ஊறவைப்பவள் அம்பாரோ ஒருத்திதான். அந்தக் கசப்புக்காகவே அவள் கடை வாசலில் கூட்டம் காத்து நின்றது. இப்போது அந்தக் கூட்டம் இங்கே நிற்கிறது. அதுவும் அவள் காசுக்கு விற்றதை ஃபெர்மின் சும்மா வாரி இறைக்கிறான்.

தன் கத்தரிக்காய் ருசி ஃபெர்மின் கடையிலும் கிடைக்கிறது என்று காதில் விழுந்ததும், போன மாதமே அவள் லோலியைத் துரத்திவிட்டாள். பல வருஷமாகக் கூடவே நின்று காய் நறுக்கியவள். ஃபெர்மினோடு லோலி குசுகுசுத்ததைக் கண்ணால் பார்த்ததாக எலாடியோ சொன்னான். அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. நான் இல்லை என்று லோலி அழுதாள். அந்த அழுகை அம்பாரோவைத் தூங்கவிடவில்லை. லோலி பெயரை ஃபெர்மின் வாயாலேயே கேட்டுவிட்டால் போதும், நிம்மதி.

சமையலறைக் கதவை உதைத்துத் திறந்தாள். அடுப்படியில் ஃபெர்மினும் அவன் தங்கை சோலேவும் இருந்தார்கள். ஃபெர்மின் முன்னால் தட்டை ணங்கென்று வைத்தாள்.

"லோலிக்கு என்ன கொடுத்தே? திருட்டுப் பயலே, சொல்லு."

"எந்த லோலி? உன் கடையில காய் நறுக்குவாளே, அவளா?" ஃபெர்மின் கையைத் துடைத்துக்கொண்டான். "அவ இந்தப் பக்கமே வந்ததில்லை, அம்மணி. திருட்டுப் பட்டம் கட்டுறதுக்கு முன்னாடி வீட்டுல விசாரி."

அப்படியானால் லோலியின் அந்த அழுகை நிஜமா?

சோலே எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிர்ந்தாள். அம்பாரோவை அவளுக்குத் தெரியாது. சமையலறை வாசலில் வெளிறி நின்ற எலாடியோவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, வாங்க அண்ணே. செவ்வாய்க்கிழமைதானே வருவீங்க? வந்ததும் வந்தீங்க, ஒரு சட்டி போட்டுட்டுப் போங்க. நான் வறுத்தா உங்க பக்குவம் வரமாட்டேங்குது."

செவ்வாய்க்கிழமை. மது பீப்பாய் எடுத்துவரப் போகிறேன் என்று அவன் கிளம்பும் நாள்.

அம்பாரோ மெதுவாகத் திரும்பினாள். எலாடியோ தலை குனியவில்லை. பயம் வடிந்த இடத்தில் ஏதோ பழைய கொதிப்பு ஏறியிருந்தது.

"ஆமா, நான்தான். பொறுக்க முடியாமத்தான் இங்க வந்து வறுத்தேன், மாட்டிக்கக் கூடாதுன்னு லோலி தலையில போட்டேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை ஒரு தடவையாவது கரண்டி பிடிக்க விட்டிருக்கியா நீ? அந்த உப்புத் தண்ணியைக் கண்டுபிடிச்சதே எங்கம்மா. உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான்."