மேனேஜருக்கு இன்று லீவு

1

இந்தக் கதை ஒரு பிஸ்கட் பாக்கெட் தரையில் விழுந்த சத்தத்தில் பிறந்தது. பாக்கெட்டைக் கையில் வைத்திருந்தவள் என் தங்கை. விழுந்ததை அவள் குனிந்து எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் எடுக்கவில்லை. அண்ணன் தங்கை இருவரும் பேயறைந்த மாதிரி எதிரே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆய்வுப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு முடிகிறவரைக்கும் இதை எழுதாதே என்று கேட்டுக்கொண்டாள். சரி என்றேன். தேர்வு இன்னும் முடியவில்லை. எழுதுகிறேன். அதிர்ச்சியை ஆறவைத்து எழுதினால் அனுபவம் ஆகிவிடும். அப்புறம் அதை யார் படிப்பது?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"நிறுவனங்களின் செயல்திறன் என்பது பன்முகத் தன்மை கொண்டதும், பல்துறைச் சூழல்களில் தலைமைப் பண்போடு பின்னிப்பிணைந்த

நிறுத்திவிட்டேன். இது அவளுடைய ஆய்வேட்டின் முதல் வாக்கியம். பிழை திருத்த உட்கார்ந்த நான் இதைத் தாண்ட மூன்று முறை டீ குடித்தேன். உங்களுக்கு அந்தத் தண்டனை வேண்டாம்.

பிறகு இப்படி:

"அதிர்ச்சியில் அவள் முகம் வெளுத்த

பொய். நாங்கள் நின்றது ஒரு சலவை நிலையத்தில். அங்கே வெளுத்தவை துணிகள் மட்டும்தான்.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

என் தங்கை மேலாண்மை ஆராய்ச்சி செய்கிறவள். நான்கு தொழில்களை எடுத்துக்கொண்டாள்: பஸ் பணிமனை, பிஸ்கட் தொழிற்சாலை, தனியார் மருத்துவமனை, நீராவிச் சலவை நிலையம். சில இடங்களில் வேலை நடக்கிறது, சில இடங்களில் நடப்பதுபோல் தெரிகிறது, ஏன்? இதுதான் அவளுடைய கேள்வி. (ஆய்வேட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு முழு அத்தியாயம்.)

நான்கு இடத்துத் தொழிலாளர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டாள். அதில் அவள் 'மேலாளர்' என்று போட்டிருந்ததை நெறியாளர்* அடித்துவிட்டு 'மேனேஜர்' என்று எழுதினார். தொழிலாளிக்குப் புரிகிற பாஷையில் கேட்க வேண்டுமாம். அவர் சொன்னதில் அந்த ஒன்றுதான் நியாயம். அந்த நியாயம்தான் எங்களைக் கவிழ்த்தது.

உங்கள் மேனேஜர் உங்களுக்கு முன்பே வேலைக்குத் தயாராகிறாரா? கோபப்படுவதற்கு முன் எச்சரிக்கை தருகிறாரா? எல்லோரையும் சமமாக நடத்துகிறாரா?

மற்ற மூன்று இடங்களில் மேனேஜர்கள் தட்டுத்தடுமாறித் தேறினார்கள். சலவை நிலையத்து மேனேஜர் மட்டும் ஏறக்குறைய முழு மதிப்பெண். உற்பத்தியிலும் அந்த இடம்தான் முதல். நெறியாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். அந்த ஒரு மேனேஜரை வைத்து ஒரு கோட்பாடே கட்டினார். 'கதகதப்புத் தலைமை' என்று பேர் வைத்தார். குளிரூட்டப்பட்ட அரங்குகளில் கதகதப்பைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார்.

* நெறியாளர் என்றால் ஆய்வு மாணவருக்கு வழிகாட்டுகிற பேராசிரியர். வழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

4

நன்றி சொல்லவும், தேர்வில் திரையில் காட்ட மேனேஜரைப் படம் எடுக்கவும் சலவை நிலையத்துக்குப் போனோம். பிஸ்கட் தொழிற்சாலைக்காரர்கள் கொடுத்த பாக்கெட்டுகளைச் சலவைத் தொழிலாளர்களுக்கு எடுத்துப்போனாள் தங்கை. பல்துறை ஒத்துழைப்பு என்று நான் சொன்னதற்கு முறைத்தாள்.

உள்ளே ஈர வெப்பம். மருத்துவமனை விரிப்புகள் மலையாகக் கிடந்தன. இஸ்திரிப் பகுதியில் எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிற அம்மாள் சும்மா உட்கார்ந்து கால் நீட்டியிருந்தார். மேனேஜரைப் படம் எடுக்க வந்திருக்கிறோம் என்று தங்கை சொன்னாள்.

"இன்னைக்கு அவரு லீவும்மா. வாயில ஓட்டை. வெல்டர் வந்திருக்காரு."

"பல்லுக்கா?" என்றாள் தங்கை. அவளைக் குறை சொல்ல முடியாது. வெல்டர் என்ற சொல்லைக் காது கேட்டது, படிப்பு கேட்கவிடவில்லை.

"பல்லு ஏது அவருக்கு. வாங்க, காட்டுறேன்."

பின்பக்கக் கொட்டகையில், ஒரு லாரி அளவுக்கு, வயிறு பருத்த பழைய பாய்லர். தீ வாயில் ஒருவர் தலையை விட்டுப் பொறி பறக்க ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பாய்லரின் நெற்றியில், சங்கிலியில், ஒரு மரப்பலகை தொங்கியது. அதில் அழகான எழுத்தில்: மேனேஜர்.

பெரியக்கா சொன்னதன் சுருக்கம் இது. முன்பிருந்த மேனேஜர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவருக்கு அந்தப் பதவிப் பேர் சின்னதாகத் தெரிந்தது. 'செயல்முறைச் சிறப்புத் தலைவர்' என்று பித்தளையில் அடித்துக் கதவில் மாட்டிக்கொண்டு, பழைய பலகையைத் தூக்கி எறிந்தார். நல்ல மரம், வீணாக்குவானேன் என்று யாரோ அதைப் பாய்லருக்கு மாட்டினார்கள். அன்றிலிருந்து அவர்தான் மேனேஜர். நமக்கு முன்னால் சூடாகி நிற்பார். கோபம் வந்தால் முதலில் விசில் அடிப்பார். ஏழை, பணக்காரன் பார்க்காமல் எல்லார் மேலும் ஒரே மாதிரி ஆவி விடுவார். கேட்டார்கள், சொன்னோம். ஒரு வார்த்தை பொய் இல்லை.

"அப்போ அந்த ரூம்ல இருக்கிறவரு?"

"அதுவா? அதை நாங்க மாப்பிள்ளைன்னு சொல்லுவோம்," என்றார் பெரியக்கா. "லேட்டா வரும். உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வரணும். ஒண்ணு சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். பொண்ணு ஒண்ணுதான் நாங்க கொடுக்கலை."

இந்த இடத்தில்தான் பாக்கெட் விழுந்தது.

5

விழுந்தது போதும் என்று நினைத்தேன். அது சின்ன வீழ்ச்சிதான்.

அன்று மாலை வீட்டில் தங்கை பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டாள். தொழிலாளர்களோடு அவளே பேசிப் பதிவு செய்தவை. 'அவரு' என்று வருகிற இடத்தையெல்லாம் மேனேஜர் என்று எழுதியிருந்தாள். அது இப்போது பாய்லர். சரி. ஆனால் 'அது'?

அது காலையில கிளம்பவே நேரமாகும். அது சூடானா கிட்ட நிக்க முடியாது. எதுக்குன்னே தெரியாம சத்தம் போடும். அது வந்து நின்னா வேலை நின்னுடும்.

மாப்பிள்ளையைப் பற்றிய இவை எல்லாவற்றையும் அவள் 'இயந்திரக் கோளாறு' என்ற தலைப்பின் கீழ் சேர்த்திருந்தாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எடுத்துவந்து பரிந்துரைகளை என் முன்னால் வைத்தாள். ஒன்று: வேலையைத் தடுக்கும் அந்தப் பழைய இயந்திரத்தை உடனே அகற்ற வேண்டும். இரண்டு: மேனேஜரை எல்லாக் கிளைகளுக்கும் தலைவராக்க வேண்டும்.

நெறியாளர் பெருமை தாங்காமல் இந்தப் பக்கத்தைச் சலவை நிலைய முதலாளிக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டார். முதலாளி ஆராய்ச்சியை மதிக்கிறவர். பாய்லரை உடைக்க ஆள் பேசிவிட்டார். மாப்பிள்ளைக்குப் புதுப் பித்தளைப் பலகை தயாராகிறது. பாய்லர் போனால் இஸ்திரிப் பகுதியும் போகும், துணி இஸ்திரிக்கு வெளியே போய் வரும். அங்கே நிற்கிற பெண்கள் எங்கே போவார்கள் என்பது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

[இலக்கணம் படித்த காலத்தில் உயர்திணை, அஃறிணை எதற்கு என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்குத்தான் போலிருக்கிறது.]

6

நெறியாளர் என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இப்படி ஒருவர் இருப்பாரா என்று நீங்கள் கேட்பீர்கள். அவரைக் கொஞ்சம் நல்லவராக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, கண் கலங்கி, "உண்மைதாம்மா முக்கி

முடியவில்லை. நடந்ததையே எழுதுகிறேன்.

தங்கை விஷயத்தைச் சொன்னதும் அவர் பரிந்துரைப் பக்கத்தை எடுத்து மறுபடி படித்தார். மின்விசிறி சுற்றியது. பிறகு மெல்ல, முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்துத்தான், கூடப் போயிருந்த எனக்குப் பயம் வந்தது.

"மனுஷனா இருந்தாத்தான் தலைவரா? இது பெரிய விஷயம்மா. அடுத்த கட்டுரை இதுதான்."

இந்த ஆய்வேட்டை என்ன செய்வது என்று தங்கை கேட்டாள்.

"இப்போ வாயைத் திறக்காதே. பட்டத்தை வாங்கிக்கோ. அப்புறம் ரெண்டு பேரும் மெதுவா கண்டுபிடிக்கலாம்."

பாய்லரை அதற்குள் உடைத்துவிடுவார்களே என்றாள். வரலாற்றில் பல முன்னோடிகளுக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது என்றார் அவர்.

7

முடிவுகள்.

அ) அவள் உண்மையைச் சொல்கிறாள். தேர்வாளர் நெகிழ்ந்து கைகுலுக்கிப் பட்டம் தருகிறார். (தேர்வாளர்களைப் பார்த்திராதவர்களுக்கான முடிவு.)

ஆ) அவள் சொல்லவில்லை. டாக்டர் ஆகிறாள். பாய்லர் துண்டு துண்டாக லாரியில் போகிறது. பலகையை மட்டும் பெரியக்கா வீட்டுக்கு எடுத்துப்போகிறார். (எழுதிவிட்டு நானே கைக்குட்டை தேடினேன். அதனாலேயே நம்பவில்லை.)

இ) பாய்லர் விசிலடித்தபடி தானே தேர்வு அரங்குக்குள்

வேண்டாம்.

மூன்றையும் தங்கையிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உனக்கென்னண்ணா, மூணு முடிவு எழுதலாம். எனக்கு இருக்கிறது ஒரு வாய்."

8

இப்போது தேர்வு அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்வரிசையில் மாப்பிள்ளை. புதுக் கோட்டு, மடியில் பூங்கொத்து. யாருக்குக் கொடுக்க வந்தார், யாரிடம் வாங்க வந்தார் என்று அவருக்கே தெளிவில்லை. பக்கத்தில் நெறியாளர், விட்டத்தை ஆராய்ந்துகொண்டு. என் பக்கத்தில் பெரியக்கா. தங்கைதான் கூப்பிட்டிருக்கிறாள். எதற்கு என்று சொல்லவில்லை. எங்கே மேனேஜர் படம் என்று பெரியக்கா என்னிடம் கேட்டார். நான் எழுதுவதுபோல் நடித்தேன். எழுதவும் செய்தேன்.

வெளியூர்த் தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். நல்ல மனிதராகத் தெரிந்தார், அதுதான் பயம். இத்தனை மதிப்பெண் வாங்கிய ஒரு மேனேஜரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார்.

"அவர் இங்கே வந்திருக்காராம்மா?"

மாப்பிள்ளை பாதி எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தங்கை அவரைப் பார்த்தாள், பிறகு தலைகளுக்கு மேலாக, கடைசி வரிசையில் பெரியக்காவைப் பார்த்தாள். பெரியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார், இஸ்திரி மேசை சூடாவதற்குக் காத்திருப்பதுபோல.

வாசகரே, இனி மிச்சம் இருப்பது ஒரு விகுதி. அவள் '-காரு' என்று முடித்தால் டாக்டர் ஆகிவிடுவாள், கைதட்டலாம். '-கு' என்று முடித்தால் தேர்வாளர் நிமிர்ந்து, என்னம்மா, ஒரு பெரிய மனுஷரைப் போய் அஃறிணையில் சொல்கிறீர்களே என்பார். அந்தக் கேள்வி போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேனே. பேனா அந்த எழுத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. நீங்கள் முடியுங்கள். முடிக்கும்போது கொட்டகையில் தொங்கும் அந்தப் பலகையை நினைத்துக்கொண்டு முடியுங்கள்.

தங்கை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"முன்வரிசையில உட்கார்ந்திருக்