எட்டு விநாடிக் கூட்டம்

1.

பொறாமையில்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். என்னோடு வேலை செய்யும் ஹெப்சியின் கணக்கு கம்ப்யூட்டரில் எட்டு விநாடியில் முடிந்தது. என்னுடையதற்கு நாற்பது நிமிடம். வேறு காரணம் தேட வேண்டாம்.

முதலில் எழுதிய வரி: 'திருத்தணி மலைமேல் மேகம்...' அடித்துவிட்டேன். நாங்கள் வேலை செய்வது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செருப்புக்கடை மாடியில். ஜன்னலில் மலை தெரியாது. ஓட்டல் புகைபோக்கிதான் தெரியும்.

2.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு மலைப்படி ஏறும் கூட்டம் எந்த நிமிடம் எந்த வளைவில் நெருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் புரோகிராம், அதுதான் எங்கள் வேலை. அதைப் பார்த்துத்தான் கீழே கேட்டைத் திறப்பார்கள், மூடுவார்கள். நான் லூப் எழுதினேன்: ஒரு நிமிடத்தை எடுத்து, அதில் ஒவ்வொரு மலைப்படியாக ஆட்களை எண்ணி, பிறகு அடுத்த நிமிடம். சித்தாள் சட்டி சுமக்கிற மாதிரி. (என் அம்மா சித்தாள். உவமை தேடி எங்கும் போகவில்லை.)

ஹெப்சி அதைப் பிரித்துப் போட்டாள். படிகளையெல்லாம் ஒரே வரிசையாக்கி மொத்தமாகக் கூட்டவைத்தாள். மெஷின் நேராகப் படிக்கிற மாதிரி கம்பைல் செய்தாள். கம்ப்யூட்டர் மூளையின் எட்டு கோர்களுக்கும் நிமிடங்களைப் பங்குபோட்டு, ஒரே நேரத்தில் ஓடவிட்டாள்.

"இன்னாண்ணா, உன்னுது இன்னும் ஓடிக்கினே கீதா? நான் டீ குடிச்சிட்டே வந்துட்டேன்."

"ஓடட்டும். அது இன்னா பஸ்ஸா புடிக்கணும்?"

முதலாளி சைமன் சிரித்தார். "தணிகைமணி, உன்னுது முட்டி போட்டுகினு மலையேறுதுப்பா."

3.

இங்கே ஹெப்சியைத் திமிர் பிடித்தவளாக்கப் பார்த்தேன். 'சென்னை கான்வென்டில் படித்த அவள்...' பொய். அவள் அப்பா திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். கஷ்டப்பட்ட குடும்பம் என்று நான் நெஞ்சை நிமிர்த்தவும் வழியில்லை. அவளும் அங்கேயிருந்துதான் வந்தாள். என்னைவிடச் சீக்கிரம் வந்தாள்.

4.

நேற்று, குறை கண்டுபிடிக்கவே அவள் புரோகிராமைத் திறந்தேன். கிடைத்தது. இந்த நிமிடம் வளைவில் நிற்பவர்கள், போன நிமிடம் அதற்குக் கீழே நின்றவர்கள்தானே? போன நிமிடம் முடியாமல் இதை எப்படிக் கணக்கிடுவது? படிகளைச் சேர்த்து ஓட்டலாம். நிமிடங்களைச் சேர்த்து ஓட்டக்கூடாது.

இரண்டு முறை ஓட்டினேன். அதே கூட்டம், வேறு வேறு விடை. ஒன்றில் வளைவு காலி, 'கேட்டைத் திற' என்றது. இன்னொன்றில் கால் வைக்க இடமில்லை. சோதனைக்குப் போட்ட சின்னக் கணக்கில் எங்கள் இருவர் விடையும் ஒத்துப்போனதால், அவள் அதோடு விட்டிருக்கிறாள்.

சந்தோஷப்பட்டேன். ('அதிர்ந்தேன்' என்று போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை.)

5.

ஒரு முடிவு: சொல்கிறேன். அவள் ஒரு வரி திருத்துவாள், இன்னும் சில விநாடி கூடும், அப்போதும் கைதட்டு அவளுக்குத்தான்.

இன்னொன்று: சொல்லவில்லை. நாளை புரோகிராமைப் பார்க்க வரும் கோயில் ஆபீசர்களுக்கு முன்னால் விடை மாறும், மாட்டுவாள். மாட்டாவிட்டால்? அவர்கள் ஒரே முறைதான் ஓட்டுவார்கள். அந்த ஒருமுறை விடை நம்பும்படி வந்துவிட்டால், கிருத்திகையன்று கேட் திறக்கும். பின்னாலிருந்து தள்ளுவார்கள், முன்னால் காவடியோடு நிற்பவர்கள்...

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.]

ஹெப்சி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். இந்தப் பக்கத்தைத் திரையிலிருந்து அவசரமாக மறைக்கிறேன்.

"அண்ணா, நாளைக்கு என்னுதுதான் காட்டப்போறோமாம். நீ ஒருவாட்டி பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"சரியா கீதா? நீ சொன்னா போதும், நான் வேற யாரையும் கேக்கமாட்டேன்."

பதிலை நான் எழுதினால் என்னை நல்லவனாக்கிவிடுவேன். எழுதுகிறவனுக்கு அது சுலபம். நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம், அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.