வரத்துக்கால் வளைவு

விஸ்வநத்தத்துக்கு மேற்கே, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் சீமைக் கருவேலம் அடைத்துக் கிடந்தது. ஜெனிட்டா டீச்சரும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் ஆறு சனிக்கிழமைகளாக அதை வெட்டி, கரையில் புங்கையும் நீர்மருதும் நட்டு வந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரு வளைவு மட்டும். அதன் மேட்டில்தான், மூன்று வருஷத்துக்கு முன் வெடித்துத் தரைமட்டமான பட்டாசு ஆலை.

"அங்கன வேண்டாம் மிஸ்," என்றான் ஹரிஷ்குமார். "ஆடுகூட அந்தப் பக்கம் எறங்காது."

"நான் போறேன் மிஸ்," என்றாள் வேல்விழி.

அவள் அம்மா முத்துமாரி அந்த ஆலையில்தான் இறந்தாள். புதிதாக மாற்றலாகி வந்த டீச்சருக்கு அது தெரியாது. தெரிந்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வளைவுக்குள் இறங்கியதும் வெளிச்சம் மங்கியது. காய்ந்த நெற்றுகள் காற்றில்லாமலே கிலுகிலுத்தன. யாரோ பின்னால் நின்று மூச்சு விடுவதுபோல் பிடரி கூசியது. அவள் திரும்பவில்லை; திரும்பினால் போய்விடுமோ என்றிருந்தது. ஒரு கையில் மண்வெட்டியோடு குனிந்து, மறுகையால் சருகைத் தள்ளினாள். அடியில் மண் சாம்பல் நிறத்தில் இருந்தது. உள்ளங்கை வெள்ளியாய் மினுங்கியது. வேலை விட்டு வரும் அம்மாவின் கை இப்படித்தான் இருக்கும். சோறு பிசையுமுன் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். நகக்கண்ணில் மட்டும் வெடிமருந்துப் பொடி போகாது. வேல்விழி மினுங்கும் தன் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"விழி, மம்பட்டிய மெல்ல வையி," ஹரிஷ்குமார் கரையிலிருந்து கத்தினான். "மருந்து மண்ணு அது. உரசுனா பத்திக்கிரும்."

டீச்சர் எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றினார். தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லி, ஆட்கள் வந்து அந்த மண்ணை அள்ளிப்போக இரண்டு வாரமாயிற்று.

அதற்கடுத்த சனிக்கிழமை வேல்விழியின் அப்பா சங்கிலிமுத்து தானாகவே வந்தார். வெடித்த நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பாதையை மிதித்ததில்லை. கரையில் மகள் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கம்மா அன்னைக்கு மேலுக்கு முடியல, லீவு போடுறேன்னா தாயி. சீசன் நேரம், ஆர்டர் கெடக்குன்னு நாந்தான் போகச் சொன்னேன்."

இத்தனை நாளும் விடியுமுன்னே அவர் எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது எதனால் என்று வேல்விழிக்கு அப்போதுதான் விளங்கியது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் ஒரு மருதங்கன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"பைய நட்டு வையிங்கப்பா. வேரு அந்துரும்."

ஐப்பசியில் தண்ணீர் வளைவைச் சுற்றிக் கண்மாய்க்குப் போனது. நட்டதில் பாதி பட்டுப்போக, மறுபடி நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தனியே போய் அங்கே உட்கார்ந்திருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் உதடு அசைவது தெரியும். நடுவே நிறுத்தி, பதில் கேட்பதுபோல் தலையாட்டுவார். அவர் எழுந்திருக்கும்வரை வேல்விழி கிட்டே போகமாட்டாள்.