ஒடெல்லா கடை வாசல்

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கும் கடைக்குச் சாப்பிட ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். வெர்னீஸுக்கு மூலையில் உட்கார்ந்து அழக்கூட முடியவில்லை. எல்லாம் அட்லாண்டா பத்திரிகை ஒன்று செய்த வேலை.

'பர்மிங்ஹாமில் ஒரு நாள்' என்று அந்தத் தொண்ணூற்றாறாம் வருஷ வசந்தத்தில் ஞாயிறு மலரில் ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். எங்கே சாப்பிடலாம், என்ன வாங்கலாம், எந்த அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம் என்று வரிசையாக. சாப்பாட்டுக்கு முதல் பெயரே ஒடெல்லா கடைதான். பொரித்த கோழியைப் பற்றி எட்டு வரி எழுதியிருந்தான், சாப்பிட்டானோ வாசனை மட்டும் பிடித்தானோ. அன்றிலிருந்து சனிக்கிழமை வந்தால் கையில் மடித்த காகிதத்தோடு வெளியூர் ஆட்கள் வாசலில் நின்றார்கள். இரும்பாலை ஷிஃப்ட் முடிந்து வரும் உள்ளூர்க்காரனுக்கு உட்கார இடமில்லை. ஒடெல்லா மட்டும், "வந்தவங்களுக்குப் போடுடி, முகத்தைத் தூக்கி வச்சுக்காதே" என்று மகளை விரட்டிக்கொண்டே இருந்தாள், படுக்கையில் விழும்வரை.

இன்று கதவில் கறுப்புத் துணி கட்டி மலர் வளையம் தொங்கவிட்டிருந்தது. உள்ளே மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு அடக்கச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கோழி, கீரை, சோள ரொட்டி, பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி, பீச் பழப் பணியாரம். சர்ச் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். நடு மேசையில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

அது ஹோரஸ் வீட்டுக்கென்று விட்ட நாற்காலி. ஹோரஸ் வெர்னீஸின் தம்பி. எழுபத்திரண்டில் டெட்ராய்ட்டில் காரென் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அவளைக் காரில் கூட்டி வந்தான். ஒடெல்லா இதே கடை வாசலில் நின்று, "நீ வா. அவ என் மேசையில உக்காரக் கூடாது" என்று கத்திவிட்டாள். மருந்துக்கும் இறங்கி வரவில்லை. கறுப்பன் என்பதற்காகவே ஒடெல்லாவின் அண்ணனை வெள்ளைக்காரர்கள் அடித்துப் போட்டது அவளுக்குள் அப்படியே இருந்தது, அதற்கும் காரெனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கத் துணியவில்லை. ஹோரஸ் காரைத் திருப்பிக்கொண்டு போனவன் போனவன்தான். கடிதமில்லை, போட்டோ இல்லை. கடைசி மாதத்தில் ஒடெல்லா தினமும் கேட்டது ஒன்றுதான்: "அவன் வந்துட்டானா?"

வெர்னீஸ் எங்கெங்கோ விசாரித்து அவன் நம்பரைப் பிடித்து, அம்மா போய்விட்டாள் என்று சொன்னாள். அவனுக்காக உடலை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். கடைசியில் அவன் சொன்னான்: "நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்க்கா. என் பையனை அனுப்பறேன். ஜூலியன். அவனை எப்படி உள்ள கூப்பிடறீங்கன்னு பாத்துட்டு அப்புறம் நான் வர்றதா வேண்டாமான்னு யோசிக்கறேன்."

"ராஜா மாதிரி கூப்பிடுவேன்டா" என்றாள் வெர்னீஸ். மனசாரத்தான் சொன்னாள்.

ஆனால் காலையில் சர்ச்சில் அவன் இல்லை. இடுகாட்டிலும் இல்லை. வழியில் கார் கெட்டிருக்கும், சாப்பாட்டுக்காவது வந்துவிடுவான் என்று வெர்னீஸ் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கீரை பரிமாறினாள்.

சமையல்கட்டுக்குள் போய்த் திரும்பி வருவதற்குள் அந்த நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் மனைவி. இரண்டு பேரும் நல்ல உடுப்பு, நல்ல கறுப்பு நிறம், மரியாதையான முகம். ஒடெல்லாவின் தங்கை இடா பெல் அவர்கள் தட்டில் கோழியைக் குவித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சித்தி இவங்க?" என்று காதோடு கேட்டாள் வெர்னீஸ்.

"டெட்ராய்ட் ஆளுங்கடி. லூலா பெரியம்மா வழி. அந்த மூக்கைப் பாரு, அப்படியே லூலா மூக்கு."

"கேட்டீங்களா?"

"கேக்கறதா? நல்லா இருக்கே! தட்டு வைக்கிறதுக்கு முன்னாடி நீ யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேக்கறது நம்ம வீட்டுப் பழக்கமா?"

இல்லைதான். ஊரில் பாதிப் பேர் வடக்கே வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். எந்தச் சாவுக்கும் நாலு தெரியாத முகம் வந்து நிற்கும். முதலில் தட்டு, அப்புறம்தான் விசாரணை. முந்தி விசாரித்தால் உறவை அறுத்த மாதிரி.

தட்டு காலியான பிறகு விசாரித்தார்கள். பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டு, தாங்கள் சின்சினாட்டி என்றார். பத்திரிகையில் பார்த்து வந்தார்களாம். "பரிமாறற விதமே தனி! எங்களைப் பேர்கூடக் கேக்கலை. இதுக்கு எவ்வளவு ஆச்சும்மா?" என்று பர்ஸை எடுத்தார்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தம்மாவுக்கு அப்போதுதான் எல்லாருடைய கறுப்பு உடையும் கண்ணில் பட்டது போலிருக்கிறது, வாயில் கை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருவரும் வெளியேறினார்கள். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது, ஒடெல்லா இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள். வெர்னீஸுக்குத்தான் வயிறு எரிந்தது. தம்பி மகனுக்கு வைத்த நாற்காலியில் எவனோ உட்கார்ந்து எலும்பு கடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

"லூலா மூக்காம் லூலா மூக்கு! இனிமே கதவுகிட்ட நான் நிக்கறேன். நீங்க யாரும் அந்தப் பக்கம் வராதீங்க" என்று கத்திவிட்டு, மேலங்கியை இறுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

வரிசையாக வந்தார்கள். கேமராவோடு இரண்டு மாணவிகள். குழந்தையோடு ஒரு தம்பதி. வெர்னீஸ் சிரித்த முகமாகவே எல்லாருக்கும் வேறு இடத்துக்கு வழி சொல்லி அனுப்பினாள். வந்தவர்களிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம், அம்மா மண்ணுக்குள் போன அன்றைக்கு அதை மீற அவளுக்கு மனசில்லை. சொல்லவேண்டியது அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அப்போது தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். நெட்டையாக, கோதுமை நிறத்தில், சுருட்டை முடியோடு. வெள்ளைச் சட்டை கசங்கிக் கிடந்தது. கையில் மடித்த காகிதம். கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான், பார்த்தபடியே நின்றான். இத்தாலிக்காரப் பையனோ என்னவோ, காலேஜ் லீவுக்கு ஊர் சுற்ற வந்திருப்பான் என்று வெர்னீஸ் நினைத்தாள்.

"உள்ள வரலாங்களா?" என்றான்.

"இன்னைக்கு வெளியாளுங்களுக்கு இல்லப்பா. குடும்பத்துக்கு மட்டும்தான்."

"நான் வந்து..."

"தெரியுது ராசா, ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கே. பசி முகத்துலயே தெரியுது." அவள் அவன் தோளைத் தொட்டு மெதுவாகத் தெருப்பக்கம் திருப்பினாள். "நேரா போ. முனையில மீன் கடை இருக்கு, நல்லா இருக்கும், என் பேரைச் சொல்லு. அதுக்கு அடுத்தது தொப்பிக் கடை, உங்கம்மாவுக்கு ஏதாவது வாங்கிக்கோ. அப்புறம் பார்க்குக்கு எதிர்ல புது மியூசியம். எங்க ஜனங்க பட்டதெல்லாம் அதுல வச்சிருக்காங்க. அவசியம் பாக்கணும், என்ன?"

பையன் அவளையே பார்த்தான். ஏதோ கேட்கப்போகிறவன் போலிருந்தான். பிறகு, "சரிங்கம்மா" என்று தலையை ஆட்டிவிட்டு, அவள் கைகாட்டிய திசையிலேயே நடந்தான். நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டாள் வெர்னீஸ்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. இடா பெல் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டே, "வரமாட்டான்டி. ஹோரஸ் பிடிவாதம் ஊரறிஞ்சது" என்றாள். அந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டை மூடி வைத்திருந்தாள் வெர்னீஸ். அவளுக்கு இப்போது தம்பி மேல் கோபம்கூட வந்தது. அம்மா செத்த பிறகுமா ஒருவனுக்கு இத்தனை வீம்பு?

கல்லாவுக்குப் பின்னாலிருந்த ஃபோன் அடித்தது.

"அக்கா." ஹோரஸ்தான். "பையன் பேசினான். டென்னசியில ஏதோ பெட்ரோல் பங்க்குலேர்ந்து."

"இப்பத்தான் டென்னசியா? ராத்திரியானாலும் பரவால்லடா, வரச் சொல்லு. சாப்பாடு வச்சிருக்கேன்."

"வரலைக்கா. திரும்பிப் போயிட்டிருக்கான்." ஹோரஸ் இருமினான். "நீ சொன்ன மீன் கடையில சாப்பிட்டானாம். நல்லா இருந்துச்சாம். காரெனுக்கு ஒரு தொப்பி வாங்கியிருக்கான். மியூசியத்தையும் பாத்துட்டான். நீ சொன்னதுல ஒண்ணுகூட விடலை."

அப்போதுதான் வெர்னீஸுக்கு வாசலுக்கு வந்த அந்த நெட்டைப் பையன் நினைவுக்கு வந்தான். கசங்கிய சட்டை, கையில் காகிதம். அது ரோடு மேப். அவள் கைபட்ட அந்தத் தோள். ஐயோ என்று அவள் போட்ட சத்தத்தில் இடா பெல் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"எனக்குத் தெரியலைடா! ஊர் பாக்க வந்த பையன்னு நெனச்சிட்டேன். காலையிலேர்ந்து அப்படித்தான் வந்துட்டிருந்தாங்க. அவன் ஒரு வார்த்தை பேரைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான்தான் சொல்லி அனுப்பினேன். போன்னு சொன்னா எதுத்துப் பேசாதே, மரியாதையா திரும்பி வந்துடுன்னு."

"அவனைக் கூப்பிடு. இப்பவே கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்லு."

"ரோட்டுல போயிட்டிருக்கறவனை எங்கேன்னு கூப்பிடறது?"

"வீட்டுக்கு வந்ததும் சொல்லு. அத்தைக்கு அடையாளம் தெரியலைன்னு சொல்லு. சத்தியம்டா, அம்மா மேல சத்தியம்!"

ஹோரஸ், "நீ சொல்றதை நான் நம்பறேன்க்கா" என்றான். "அவன்தான் நம்பணும். என்கிட்ட இருந்த உன் பழைய போட்டோவைக் காட்டித்தான் அனுப்பினேன். கன்னத்து மச்சத்தைப் பாத்ததுமே அத்தைன்னு அவனுக்குத் தெரிஞ்சிடுச்சாம். தன்னையும் உனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னே நெனச்சிட்டான். 'ரொம்ப நல்லவங்கப்பா'ங்கறான். 'பாட்டி மாதிரி கத்தலை. சிரிச்சுக்கிட்டே தோளைத் தொட்டுப் போகச் சொன்னாங்க'ங்கறான்."