முனியாண்டிக்கு வழிவிட்ட ரோடு

பெருவெள்ளம் வடிந்த மறுவருஷம், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த திடலில் சர்வேக்காரர்கள் முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். ரயில்வே பட்டறையில் பிட்டராயிருந்த கிரிகரி, சனிக்கிழமை சாயங்காலம் பந்தோடு வந்தவன், தூங்குமூஞ்சி மரத்தடியில் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

அந்தத் திடலை யாரும் அவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. லாலான் புல் மண்டிக் கிடந்த இடம். பட்டறை ஆட்கள் புல்லை அரிந்து, இஞ்சின் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டி, மிதித்து மிதித்துக் கெட்டியாக்கினார்கள். வாரம் முழுக்கக் கிரிகரியைக் கைதட்டிக் கூப்பிடுகிற கிளார்க்குமார், அங்கே ஆட வந்தால் அவன் காலுக்கு வழிவிட்டுத்தான் ஓட வேண்டும். கிரிகரிக்கு இந்த ஊரில் அப்படி ஓர் இடம் அது ஒன்றுதான்.

மராமத்து ஆபீசில் பிளான் வரைகிற யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசு ஆட்டம் பார்க்க வருகிறவர். விஷயத்தை அவர்தான் சொன்னார்.

"ஐசே, பெரிய சேதமில்லை. புது ரோட்டுக்கு மரத்தோட சேத்துத் திடல் ஓரம் எட்டுக் கெஜம்தான் போகுது. எல்லைக் கோட்டை உள்ளுக்குத் தள்ளிக் கீறிப்போட்டு விளையாடுங்கோவன்."

"எட்டு கெஜமா? எட்டு அங்குலம்கூட விடமாட்டேன்யா!"

"அப்ப ரோட்டை நீர் மறிக்கப் போறீரோ?" என்று சிரித்துவிட்டு அவர் போனார்.

கோல் காக்கிற பழனியப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் தலை மறைந்ததும் கிரிகரியின் தோளில் கை போட்டான்.

"மறிக்க ஆள் இருக்குடா. மரத்தடியில ஒரு கல்ல நட்டு, மஞ்சளப் பூசி, முனியாண்டின்னு சொல்லிட்டா முடிஞ்சுது. துரைங்க எத வேணா இடிப்பானுங்க, சாமி கல்லத் தொட மாட்டானுங்க. தொட்டா கூலியாளு எவனும் மம்மட்டி எடுக்க மாட்டான்ல."

"நான் வேதக்காரன்டா."

"உன்னை யாரு கும்புடச் சொன்னா? தூக்கிட்டு வா, போதும். அந்தக் கனத்த உன்னால மட்டுந்தான் தூக்க முடியும்."

விடிவதற்கு முன் ஆற்றோரத்திலிருந்து கல்லைத் தோளில் சுமந்து வந்து நட்டான் கிரிகரி. சேற்றுச் சட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தவனை அவன் மனைவி உர்சுலா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கோயிலுக்குப் போயி மாதா மூஞ்சிய எப்படிப் பார்ப்பீங்க?"

"மாதாவுக்குப் பந்து ஆடத் திடல் வேணாம். எனக்கு வேணும்."

அந்த வாரமே மராமத்துத் துரை வந்தார். அதற்குள் கூலிகள் குடியிருக்கும் லயத்து வள்ளியம்மா, காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்காகக் கல்லுக்கு விளக்கேற்றி நேர்ந்துகொண்டிருந்தாள். எரிகிற விளக்கைப் பார்த்ததும் துரை தொப்பியைக் கழற்றினார். நல்ல மனுஷர். அதுதான் கேடாய் முடிந்தது.

"எவ்வளவு காலமாக இருக்கிறது?" என்று மலாயில் கேட்டார்.

"எங்கப்பா காலத்திலிருந்து, துவான்," என்றான் கிரிகரி. அவன் அப்பா இந்தத் திடலைக் கண்ணால் கண்டதில்லை.

துரை தலையாட்டிவிட்டுப் போனார். குச்சிகளைப் பிடுங்கிவிட்டார்கள். பழனியப்பனைத் தூக்கிக்கொண்டு பையன்கள் திடலைச் சுற்றி ஓடினார்கள்.

புதுக் குச்சிகள் அடுத்த மாதம் வந்தன. கோல் கட்டையிலிருந்து கோல் கட்டை வரை, திடலின் நட்ட நடுவே.

கிரிகரி ஓட்டமாய் ஓடிக் கார்த்திகேசுவின் சட்டையைப் பிடித்தான்.

"விடும் ஐசே! இஞ்சால ரெயில் பாதை, அங்கால உங்கட கோயில். கோயிலுக்கு முன்னால முற்றம் விடவேணுமெண்டு துரை சொல்லிப்போட்டார். பிறகு ரோட்டு ஆகாயத்தாலயோ போறது? உங்களுக்கு வேற இடம் தந்திருக்கு, ஆத்தங்கரையில."

கிரிகரி பட்டறைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தான். அங்கே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தது. கல்லுக்குச் சிவப்புப் பட்டு. பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு பழனியப்பன்.

"தள்ளுடா. பேத்து எடுத்துட்டு துரைகிட்ட உண்மையச் சொல்லிடறேன்."

"கை வைக்காதடா."

"நீதானடா நடச் சொன்ன? வெறுங்கல்லுன்னு உனக்குத் தெரியாது?"

"நட்டப்ப கல்லுதான். இப்ப சாமி."

"நாக்குல நரம்பில்லாம பேசாத!"

"வள்ளியம்மாகிட்ட கேளு. புள்ள எந்திரிச்சு நடக்குது. நீ பேத்துட்டா, லயத்து ஆளுங்க உன்னைய இந்தக் குழியிலயே போட்டு மூடுவாங்க. நானும் மறிக்க மாட்டேன்."

சத்தம் கேட்டுப் பந்தலுக்குள்ளிருந்து வள்ளியம்மா வந்தாள். இடுப்பில் பிள்ளை, கண்ணெல்லாம் சிரிப்பு.

"கிரிகரி அண்ணே, சாமிய முதல்ல கண்டது நீங்கதான்னு பழனியண்ணன் சொன்னாரு. ஒங்க தயவுலதான் எம்புள்ள பொழச்சான். பந்தலுக்குக் குழி தோண்டவா கடப்பாரை?"

பிள்ளை அவன் மீசையைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"ஆமாம்மா," என்று கிரிகரி கடப்பாரையைப் பந்தல்காலில் சாய்த்துவிட்டு நடந்தான்.

ரோடு வந்தது. ஆற்றங்கரைத் திடலுக்கு முதல் சனிக்கிழமை நாலு பேர்தான் வந்தார்கள். பழனியப்பனுக்கு அன்று பூசை. வெள்ளம் விட்டுப்போன வண்டல் கணுக்காலை விழுங்கியது. கூட ஆடுகிற பையன் பாலன் பந்தை உயரத் தூக்கிப் போட்டான். விழுந்த இடத்தில் பொத்தென்று புதைந்து நின்றது.

"இதுல எங்கண்ணே ஓடுறது? வாங்கலா, வீட்டுக்குப் போவோம்."

"ஆடுடா," என்றான் கிரிகரி.

ஓடிப்போய் உதைத்தான். காலோடு சேறுதான் கிளம்பியது, பந்து அசையவில்லை. மறுபடி உதைத்தான். மேட்டில், கிளப்புக்குப் போகிற கிளார்க்குமார் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவர்களில் ஒருவர் கையைத் தட்டி அவனைக் கூப்பிட்டார்.

"ஏய் பிட்டரு! அந்தப் பக்கம் சைக்கிள் போக வழி இருக்கா?"

கிரிகரி நிமிர்ந்தான். முழங்கால்வரை சேற்றில் நின்றபடி, "இருக்குங்க ஐயா," என்று கையைக் காட்டினான்.