விளிம்பைப் பிடித்தால் நிற்க வேண்டும்

பையைத் திறந்ததும் சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். போன நிகழ்ச்சி முடிந்து எலக்ட்ரானிக் ட்ரம்ஸை மூட்டை கட்டியவர் அக்கா புருஷன். தாளத்தட்டு மாதிரியான மூன்று சிம்பல் பேடுகளுக்கு நடுவே பாதி கடித்த பன் ஒன்று ஊசிப்போய்க் கிடந்தது. கறுப்பு ரப்பர் முழுக்க அத்தானின் எண்ணெய் விரல் தடம்.

சீ, இந்த மனுஷனோடு அக்கா எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாளோ.

ஆனால் வாயைத் திறக்க முடியாது. தையல் கடை வேலையை அவள் விட்டதே அத்தானின் இசைக்குழுவை நம்பித்தான். "ஊசிய விட்டுட்டுக் குச்சியப் புடிச்சிட்டா" என்று சிரித்த கடை முதலாளியம்மா, இன்றைக்கு அக்காவோடு முதல் வரிசையில் உட்கார்ந்து அவள் வாசிப்பைக் கேட்கப்போகிறாள்.

ஈரத்துணியால் பேடுகளைத் துடைத்தாள். ஸ்டாண்டில் முதலில் பேடு சுழலாமல் பிடிக்கும் ரப்பர், மேலே பேடு, அதற்கு மேல் கம்பளி வளையம், கடைசியில் திருகு. அடித்தால் ஆடுவதற்கு இடம் விட்டு வயரைத் தொங்கவிட்டாள். வாசிக்கும்போது எப்போதும் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனை எடுத்தால், காதில் படும் பஞ்சில் மஞ்சளாக என்னவோ அப்பியிருந்தது. மாட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறார். ஹாலின் ஸ்பீக்கரிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று அதைத் தூர வைத்தாள்.

"ஒரு தடவ வாசிச்சுப் பாத்துடலாம்" என்று அத்தான் லேப்டாப்பைத் தட்டினார். ஸ்வரம் பார்க்க என்று எப்போதும் திறந்து வைத்திருப்பார். ஒரு கையில் கேக், மறு கை கீபோர்டில்.

பாட்டு முடிகிற இடத்தில் கிராஷ் என்கிற பெரிய சிம்பலை ஓங்கி அடித்து, விளிம்பை விரலால் இறுகப் பிடித்தாள். பிடித்தால் சத்தம் சட்டென்று நிற்க வேண்டும். ஸ்பீக்கரில் அது தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போனது.

குனிந்து, ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்பும் மிக்ஸரைக் காலடியில் பார்த்தாள். அவளுடைய வயர் எதிலும் செருகாமல் தூசியில் சுருண்டு கிடந்தது. செருகியிருந்தது ஒரே ஒரு வயர். அது லேப்டாப்பினுடையது.

"அத்தான், இத்தன நாளா வெளிய கேட்டது நான் வாசிச்சதில்லையா?"

"நீ நல்லாத்தான் வாசிக்கிற. ரெக்கார்டிங்னா இன்னும் சுத்தமா இருக்கும்ல." விரலை நக்கிக்கொண்டார். "பொண்ணு ட்ரம்ஸ்ல உக்காந்தா பாக்கறவங்களுக்கு ஒரு இது. ஹெட்போன்ல உனக்குக் கேக்குதுல்ல, அப்புறம் என்ன?"

ஊசின பன்கூட இதற்குத் தேவலை. ஊரார் பூவைத்தான் காதில் சுற்றுவார்கள். இவர் ஹெட்போனையே சுற்றியிருக்கிறார். வாங்கிய கைதட்டலை எல்லாம் நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் பாட்டு பாதி போனபோது குனிந்தாள். லேப்டாப் வயரைப் பிடுங்கினாள், அதே ஓட்டையில் தன் வயரைச் செருகினாள்.

இசை அறுந்தது. ட்ரம்ஸ் மட்டும் கேட்டது. முதலில் தடுமாறி, பிறகு நிலைக்கு வந்தது. முதலாளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அத்தானின் விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டேயிருந்தன. ஒரு சத்தமும் இல்லை.

"ஏங்க, உங்களுது கேக்கலியே" என்றாள் அக்கா, வெள்ளந்தியாக.

சின்னவள் கிராஷை அடித்து விளிம்பைப் பிடித்தாள். நின்றது. ஹாலே அமைதியானது.

"இப்ப நீங்க வாசிங்க, அத்தான்."

அவர் கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து, சட்டையில் மெதுவாகத் துடைத்துக்கொண்டார். அவர் கை துடைத்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.