ஒரு துளி, மூன்று துளி

வீட்டுத் தொல்லை தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டையே வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு வருகிற கூட்டத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. உள்ளே கட்டில், அடுப்பு, டிவி, ஏசி, கக்கூஸ். அத்தனையையும் கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்திவிட்டு, வெளியே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "ஆகா, இயற்கை!" என்பார்கள். பக்கத்து கேரவன்காரனின் நாற்காலி நாலு விரல் தள்ளி வந்துவிட்டால் போச்சு, இயற்கையாவது ஒன்றாவது, எல்லைத் தகராறுதான். பதினோரு வருஷமாக இவர்களுடைய கழிவைக் கழுவுகிறவள் நான். எனக்கு இவர்கள் யார் மேலும் மயக்கம் கிடையாது.

எங்கள் கேம்ப் மைதானத்தில் கேரவன் நிறுத்த முப்பத்தெட்டு இடங்கள். நடுவில் குளியலறைக் கட்டடம், அதை ஒட்டித் துணி துவைக்கும் அறை, வாசலில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஆபீஸ். நிலம் என் அண்ணனுடையது. வேலையாட்கள் அவனை முதலாளி என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுவிடுவேன், அதில் அவனுக்கு ஒரு குளுகுளுப்பு. முதலாளிக்கு நாள் முழுக்க ஒரே வேலைதான். வந்து போனவர்கள் இணையத்தில் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பது. 'கொசு அதிகம்' என்று எவளாவது எழுதினால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. 'பறவைகள் விடியற்காலையிலேயே கத்துகின்றன' என்று ஒருவன் எழுதியதற்கு, 'சிரமத்துக்கு வருந்துகிறோம், நடவடிக்கை எடுக்கிறோம்' என்று பதில் போட்டான். என்ன நடவடிக்கை? பறவைக்கு நோட்டீஸ் ஒட்டுவானா?

இந்த வருஷம் அண்ணி டவுனில் வீடு பார்த்துவிட்டாள். சீசன் தொடங்குவதற்குள் குடிபோகிறார்கள். மைதானத்தை நடத்த ஒரு ஆளை ஆபீஸில் உட்கார வைத்தாக வேண்டும். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். மழை பெய்தால் எந்த இடம் சேறாகும், எந்த மரத்தின் வேர் எந்தக் குழாயை நெரிக்கிறது, எந்த மின்பெட்டியில் இரண்டு அடுப்பு போட்டால் ஃப்யூஸ் போகும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அண்ணிக்கு ஒரு தம்பி இருக்கிறானே! முப்பத்தைந்து வயசு. விடுதி நிர்வாகம் என்று இரண்டு வாரம் எதையோ படித்துவிட்டு வந்து, 'ஆலோசகர்' என்று அட்டை அடித்து வைத்துக்கொண்டு எங்கள் தலையில் வந்து இறங்கியிருந்தான்.

"வியாழக்கிழமை சுகாதார ஆய்வு வருது. அது நல்லபடியா முடியட்டும், யார் நடத்துறதுன்னு அப்புறம் சொல்றேன்" என்றான் முதலாளி. சொன்னது என்னிடம், பார்த்தது மச்சினனை.

இந்தத் தொழிலில் எதைக் கோட்டைவிட்டாலும் ஒன்றைக் கோட்டைவிடக் கூடாது. கேரவனில் கக்கூஸுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். நிரம்பியதும் அதை உருவி எடுத்து வந்து, குளியலறைக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் மேடையில் கொட்டி, அங்கே இருக்கும் சிவப்பு ஹோஸைப் பெட்டிக்குள் விட்டு அலசுவார்கள். குடிக்கிற தண்ணீருக்கு வேறு குழாய், நீல ஹோஸ், முப்பது அடி தள்ளி. அதைத் தங்கள் வண்டியின் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு நிரப்பிக்கொள்வார்கள். சிவப்பு சிவப்புதான், நீலம் நீலம்தான். இரண்டிலும் வருவது ஒரே தண்ணீர்தான், ஆனால் அந்தச் சிவப்பு ஹோஸின் வாய் எங்கெல்லாம் போய் வந்தது என்று யோசித்தால் சோறு உள்ளே போகாது.

திங்கட்கிழமை காலை துடைப்பத்தோடு பின்பக்கம் போனேன். சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. வழவழவென்று இழைத்த ஒரு மரத்தூண். அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழாய். இரண்டிலும் இலைப் பச்சையில் புத்தம்புது ஹோஸ், ஒரே மாதிரி சுருட்டித் தொங்கவிட்டிருந்தது. 'குடிநீர்', 'அலச மட்டும்' என்று நான் என் கையால் எழுதி வைத்திருந்த பலகைகளைக் காணோம். அதற்குப் பதில் ஒரு குழாய்க்கு மேல் ஒரு துளி செதுக்கியிருந்தது, இன்னொன்றுக்கு மேல் மூன்று துளி.

ஆலோசகர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"மெக்கானிக் ஷெட் மாதிரி கலர் கலரா ஹோஸ் தொங்குதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு பாருங்கக்கா. அதான். எல்லாமே இயற்கையோட கலர். எல்லா வசதியும் ஒரே இடத்துல."

"எது குடிக்கிறது, எது கழுவுறது?"

"ஒரு துளின்னா சுத்தம். மூணு துளின்னா அலசறது. பார்த்தாலே தெரியும்ல?"

அவனைப் பெற்ற புண்ணியவதிக்குத்தான் தெரியும். முதலாளி பின்னாலேயே வந்தான். அந்தத் தூணை ஏதோ பேரக்குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினான்.

"எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டான்.

வாய் வரை வந்தது. பதினோரு வருஷத்தில் எத்தனை முறை கரடியாகக் கத்தியிருப்பேன்! அடுப்புப் பக்கத்தில் கூரைத் துணி கட்டாதே என்றேன், பற்றி எரிந்தது. சரிவில் இடம் போடாதே என்றேன், ஒருவனுடைய வண்டி உருண்டு துணி துவைக்கும் அறைக்குள் மூக்கை நீட்டியது. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "நீ கழுவுற வேலையப் பாரு." இந்த முறை எனக்கு வேறொரு புத்தி வந்தது. வியாழக்கிழமை ஆய்வாளர் வருவார். இதைப் பார்த்ததும் குதிப்பார். ஆலோசகரின் சாயம் அங்கேயே வெளுக்கும். அதற்கப்புறம் நாற்காலி எனக்குத்தான். மூன்றே நாள். இருப்பதோ நாலு வண்டி. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"பிரமாதம்" என்றேன்.

சும்மா சொல்லக் கூடாது, காவலும் இருந்தேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அந்தத் தூணைச் சுற்றியே பெருக்கினேன். யாராவது வந்தால் நானே சரியான ஹோஸை எடுத்துக் கொடுத்தேன். நான் பார்க்காதபோது மூன்று துளியை விட்டுவிட்டு ஒரு துளியில் பெட்டி அலசிய மகானுபாவர்கள் எத்தனை பேரோ. புதன்கிழமை காலை பினாயில் தீர்ந்துவிட்டது. டவுனுக்குப் போய் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

திரும்பி வந்தால் ஏழாம் இடத்தில் டிரைவர் அண்ணனின் வண்டி நிற்கிறது.

அவர் ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். ஆறு வருஷமாக வருகிறார். எப்போதும் சனிக்கிழமைதான் வருவார், இந்த முறை மூன்று நாள் முன்னாலேயே வந்துவிட்டார். அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, போன வருஷம் ஒரு சிறுநீரகத்தையே எடுத்துவிட்ட ஆபரேஷன். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அக்கா கேட்டது இந்த மைதானத்தைத்தானாம். இத்தனை கூட்டத்தில் என்னை உட்காரச் சொல்லிப் பேசுகிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு நான் துடைப்பத்தின் மறுமுனை.

"வா தங்கச்சி! பார்த்தியா, உங்கக்காவ பொழைக்க வெச்சு கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார்.

தொட்டி மூடியைச் சுற்றி ஈரம் இருந்தது.

"தண்ணி புடிச்சிட்டீங்களாண்ணே?"

"ரொப்பியாச்சு. புதுசா தூணெல்லாம் நட்டு அமர்க்களப்படுத்தியிருக்கீங்களே!"

எந்த ஹோஸில் பிடித்தார்? கேட்டிருக்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பார். சொன்னால் தொட்டியைக் காலி செய்வார், முதலாளியிடம் போய்ச் சத்தம் போடுவார், முதலாளி அரை மணி நேரத்தில் பழைய ஹோஸை மாட்டிவிட்டு, நாளைக்கு ஆய்வாளரிடம் ஆலோசகரை மாப்பிள்ளை மாதிரி நிறுத்துவான். இரண்டில் ஒன்று. நல்லதையே பிடித்திருக்கலாம். கொதிக்க வைத்துத்தானே குடிப்பார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே காது குத்திக்கொண்டேன்.

"நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அக்காவுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. அவர்கள் அக்காவைத் தூக்கி வைத்தபோது உதடு வெளுத்திருந்தது. "பயணக் களைப்பு, ஒண்ணுமில்ல" என்று முதலாளி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இனி என்ன, பதினொரு மணிக்கு ஆய்வாளரே வந்து கண்டுபிடிப்பார் என்று இருந்தேன்.

வந்தார் மனுஷர். தீயணைக்கும் வாளிகளை எண்ணினார். வண்டிக்கும் வண்டிக்கும் எத்தனை அடி என்று டேப் பிடித்துப் பார்த்தார். டீ குடித்தார். பின்பக்கம் வந்து தூணுக்கு முன்னால் நின்றார்.

"அட, அழகா இருக்கே! யாரோட ஐடியா?" என்றார். அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ வேறு எடுத்துக்கொண்டார். ஆலோசகர் நெளிந்தான். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயே போய்விட்டார்.

நான் யாரை நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அந்த மகராசனின் லட்சணம் அது. ஓடிப்போய் சிவப்பு ஹோஸைத் தேடினேன். கிடைக்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டார்களாம். இரண்டு பச்சையையும் அரிவாளால் வெட்டி எறிந்தேன். முதலாளி கத்தினான். நான் திருப்பிக் கத்தினேன். சொல்ல வேண்டியதையெல்லாம் அன்றைக்குச் சொன்னேன், எல்லாம் ஒரு நாள் தாமதமாக.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீஸுக்கு போன் வந்தது, எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று. மறுநாள் அதே ஆய்வாளர் மூஞ்சியை மாற்றி வைத்துக்கொண்டு வந்து குழாய்க்கு சீல் வைத்தார். போட்டோவைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. மைதானம் மூன்று வாரம் மூடல். ஆலோசகர் பெட்டியைக் கட்டினான். முதலாளி ஆபீஸ் சாவிக்கொத்தை என் கையில் வைத்து, "உன் பேச்சக் கேக்காம போனேன், என்னைச் செருப்பால அடி" என்று மூக்கைச் சிந்தினான். காரியம் கெட்டுப்போகிறவரை இந்த விஷயத்தில் நான் பேசவே இல்லை என்பது அவன் மண்டையில் ஏறவில்லை. நானும் ஏற்றவில்லை.

ஆக, ஆசைப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் வேலையாகச் சிவப்பு ஹோஸும் நீல ஹோஸும் வாங்கி வந்தேன், பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து எழுதி மாட்டினேன்.

நான்காம் வாரம் டிரைவர் அண்ணன் வந்தார். தனியாக. ஏழாம் இடத்தில் நின்றிருந்த வண்டியை எடுத்துப்போக வந்திருந்தார். அக்கா பிழைத்துக்கொண்டாள், ஆனால் மிச்சமிருந்த சிறுநீரகமும் கெட்டுவிட்டது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுக்க வேண்டும். வண்டியை விற்கப் போகிறாராம்.

ஆபீஸ் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க முயன்றார்.

"நீ பொறுப்புக்கு வந்துட்டியாமே. உங்கக்காகிட்ட சொன்னேன், படுத்துக்கிட்டே கும்புட்டா. அந்தக் கிறுக்கனுங்க கையில இல்லாம மொதல்லயே உன் கையில இருந்திருந்தா, எங்களுக்கு இந்தக் கதி வந்திருக்காது தங்கச்சி."

தலையை ஆட்டிவிட்டு ரசீதில் கையெழுத்து வாங்கியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அந்தக் கும்பிடு எனக்குரியது இல்லை.

"அண்ணே, எனக்குத் தெரியும்" என்றேன். "திங்கக்கெழமையே பார்த்தேன். நீங்க தண்ணி புடிச்ச அன்னிக்கும் தெரியும். ஆய்வாளர் முன்னாடி அவன் மாட்டட்டும்னு சொல்லாம இருந்துட்டேன்."

அவர் கையை ஜன்னலிலிருந்து எடுத்துக்கொண்டார். வெளியே போய் கேரவனை ஜீப்புக்குப் பின்னால் மாட்டினார், கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். நான் பின்னாலேயே போய் நின்றேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"உங்கண்ணன் முட்டாள்" என்றார், முகத்தைத் திருப்பாமலேயே. "அந்தப் பையனும் முட்டாள். அவங்களுக்குத் தெரியல."

ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். வாசல்வரை உருட்டி வந்து நிறுத்தினார். ஆறு வருஷமாக என்னை வா, போ, தங்கச்சி என்று கூப்பிட்ட மனுஷர், கண்ணாடியை இறக்கினார்.

"கேட்டக் கொஞ்சம் தொறக்குறீங்களா, மேடம்?" என்றார்.

சாவி என்னிடம்தான் இருந்தது. திறந்துவிட்டேன்.